கலைமானைக் கலைக்காமல் கண்டுவந்தவர்கள்

வேட்டை என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மாணவர்களின் மனக்கண்ணில் தோன்றும் காட்சி ஏறத்தாழ ஒன்றுதான். பாய்ந்து செல்லும் குதிரை, அதன்மேல் ஒரு மன்னன், குரைத்துக்கொண்டு ஓடும் நாய்க்கூட்டம், எல்லாவற்றுக்கும் முன்னால் உயிருக்கு அஞ்சி ஓடும் மான். கதைநூல்களில் வரையப்படும் ஓவியங்களும் இக்காட்சியையே காட்டுகின்றன. ஆனால், அந்த மான் அந்தக் காட்டில்தான் இருக்கிறது என்பது மன்னனுக்கு எப்படித் தெரிந்தது? இக்கேள்வியை எந்த ஓவியமும் எழுப்புவதில்லை.

ஐரோப்பாவின் இடைக்கால வேட்டை நூல்களைப் படித்தால், இதற்கான விடை பல இயல்களில் விரிந்து கிடப்பதைக் காணலாம். பிரான்சிலும் இங்கிலாந்திலும் பிரபுக்கள் பெரிதும் மதித்த வேட்டை, நாய்க்கூட்டத்தைக் கொண்டு ஒரே ஒரு கலைமானைத் துரத்திப் பிடிப்பதாகும். கூட்டத்தில் எந்த மான் அகப்பட்டாலும் சரி என்று அவர்கள் விடமாட்டார்கள். வயது முதிர்ந்த, கொழுத்த, கிளைத்த கொம்புடைய ஒரு கலையை முன்னதாகவே தேர்ந்தெடுத்து, அதனை மட்டுமே துரத்துவார்கள். இடையில் வேறு மான் எழுந்தோடினால் நாய்களைத் தடுத்துத் திருப்ப வேண்டும். ஆகவே, வேட்டை நாளன்று பொழுது விடிவதற்குள், எந்தக் கலை எந்தப் புதரில் படுத்திருக்கிறது என்று ஒருவர் போய் அறிந்துவர வேண்டும். அவர் வந்து போனது அந்த மானுக்குத் தெரியவே கூடாது. தெரிந்துவிட்டால் மான் எழுந்து வேறு காட்டுக்குப் போய்விடும். அன்றைய வேட்டை பாழ்.

இந்தப் பணியைச் செய்தவரைத் தமிழில் என்னவென்று சொல்வது? தொல்காப்பியப் புறத்திணையியலில் வெட்சித்திணையின் துறைகளுள் 'வேய்' என்று ஒன்று உண்டு. பகைப்புலத்தார் அறியாதவாறு ஒற்றறிந்து வருதல் என்பது அதன் பொருள். ஆநிரை கவர்வதற்கு முன் நிகழும் செயல் அது. இன்று நாம் வழங்கும் வேவு என்னும் சொல்லும் அப்பொருளையே தருகிறது. எனவே, இக்கட்டுரையில் அவரை 'வேவுகாரர்' என்றே அழைக்கிறேன்.

ஏன் விடியற்காலை?

ஐரோப்பியச் செம்மான் நம் நாட்டுக் காடுகளில் உள்ள கடமானைப் போலவே உருவில் பெரியது. அது இரவிலும் அதிகாலையிலும் திறந்தவெளிகளுக்கும் வயல்களுக்கும் வந்து மேயும். வெளிச்சம் பரவத் தொடங்கியதும் அடர்ந்த புதர்க்காட்டுக்குள் ஒதுங்கிப் படுத்து, உண்டதை அசைபோடும். அவ்வாறு படுத்துவிட்டால், இடையூறு எதுவும் நேராதவரை பெரும்பாலும் பகற்பொழுதை அங்கேயே கழிக்கும். மேய்ச்சலிலிருந்து புதருக்குத் திரும்பும் அந்தச் சிறு பொழுதுதான் வேவுகாரருக்குக் கிடைத்த வாய்ப்பு. அப்போது சுவடு புதியது. பனி ஈரத்தில் மண் தடத்தை நன்றாகப் பதித்து வைத்திருக்கும். மானின் மணம் புல்லில் இன்னும் தங்கியிருக்கும். வெயில் ஏறினால் இவை எல்லாம் மங்கிவிடும்.

வேவுகாரர் தனியாகப் போவதில்லை. அவருடன் ஒரு மோப்ப நாய் செல்லும். அந்நாயை ஆங்கிலேயர் லைமர் என்றும் பிரெஞ்சுக்காரர் லிமியே என்றும் அழைத்தனர். கட்டு, வார் என்னும் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது. அதாவது, நாய்க்குப் பெயர் கொடுத்தது அதன் கழுத்தில் கட்டிய வார்தான். மற்ற வேட்டை நாய்கள் குரைத்துக்கொண்டு ஓடுவதற்காகவே வளர்க்கப்பட்டவை. ஆனால், இந்த நாய் மோப்பம் பிடித்துச் செல்லும்போது வாய் திறக்கக் கூடாது. நாயின் இயல்புக்கே மாறான ஒன்றை அதற்குக் கற்பித்தார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்! மூக்குக்கு நேரே மானின் மணம் இருந்தும் ஓசையின்றி வாரை மட்டும் இழுத்துக் காட்ட வேண்டும். இழுப்பின் அழுத்தத்திலிருந்து நாய் சொல்வதை மனிதர் புரிந்துகொள்வார்.

பெரிய வேட்டையாக இருந்தால் வேவுகாரர் பலர் அனுப்பப்படுவர். முந்தைய நாளே காடு பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டு, இன்னார்க்கு இன்ன பகுதி என்று ஒதுக்கப்படும். ஒருவர் பகுதியில் மற்றவர் நுழைந்தால் இருவர் வேலையும் கெடும்.

சுவடு புதருக்குள் போகிறது என்று கண்டவுடன் வேவுகாரர் என்ன செய்வார்? பின்தொடர்ந்து உள்ளே போவாரா? போகவே மாட்டார். இங்கேதான் இக்கலையின் நுட்பம் இருக்கிறது. அவர் அந்தப் புதர்க்காட்டைச் சுற்றி, வெளியிலேயே ஒரு முழு வட்டம் வருவார். உள்ளே போன சுவடு மறுபக்கத்தில் வெளியேறியிருக்கிறதா என்று நாயைக் கொண்டு பார்ப்பார். வெளியேறியிருந்தால், அடுத்த புதருக்குச் சென்று அதனைச் சுற்றி இன்னொரு வட்டம். உள்ளே போன தடம் இருந்து, வெளியேறிய தடம் இல்லையென்றால், மான் உள்ளேதான் இருக்கிறது. கண்ணால் காணாமலேயே, காணவும் முயலாமலேயே, அது இருப்பதை அவர் உறுதிப்படுத்திக்கொள்கிறார். நம் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு அறிவியலில் ஊகித்தறிதலைக் கற்பிக்கும்போது இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

சில வேளைகளில் கண்ணால் பார்க்கவும் செய்வர். அப்போது நாயைத் தோழர் ஒருவரிடம் தள்ளி நிறுத்திவிட்டு, மரத்தின்மேல் ஏறி அமர்ந்து பார்ப்பார்கள். மனித வாடை தரையோடு காற்றில் சென்று மானை எட்டாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. மானுக்குக் கண்ணைவிட மூக்கு கூர்மையானது. எனவே, காற்று எத்திசையிலிருந்து வீசுகிறது என்று அறியாதவர் இவ்வேலைக்கு உதவமாட்டார்.

திரும்பும்போது வழியில் சிறு கிளைகளை ஒடித்து அடையாளம் வைத்துக்கொண்டே வருவார். மீண்டும் வரும்போது எந்த இடத்தில் சுவடு உள்ளே சென்றது என்பதை அந்த ஒடிந்த கிளைகள் காட்டும். பிரெஞ்சு மொழியில் இந்த ஒடித்த கிளைகளுக்கு 'பிரிசே' என்று பெயர். ஒருவர் உரிமை கொண்டாடும் துறையில் இன்னொருவர் போட்டிக்கு நுழைவதை, 'அவருடைய ஒடித்த கிளைகள்மீது நடக்கிறார்' என்று பிரெஞ்சுக்காரர் இன்றும் சொல்வதுண்டு. வேட்டையை அறியாத நகரத்து மக்களும் இம்மரபுத்தொடரைப் பயன்படுத்துகிறார்கள். தொழில்கள் மறைந்த பின்னும் அவற்றின் சொற்கள் மொழியில் தங்கிவிடுவது எல்லா மொழிகளுக்கும் பொது போலும்.

சுவடும் புழுக்கையும்

மான் இருக்கிறது என்றால் மட்டும் போதாது. அது வேட்டைக்குத் தகுந்த கலையா, இளங்கன்றா, பிணையா என்றும் சொல்ல வேண்டும். இடைக்கால ஆங்கில வேட்டைக்காரர்கள் ஆண் செம்மானின் ஒவ்வோர் ஆண்டு வயதுக்கும் ஒரு தனிப்பெயர் வைத்திருந்தனர். ஆறாம் ஆண்டை எட்டிய, கொம்பில் பத்துக் கிளைகளேனும் உடைய கலையே முழுத் தகுதி பெற்றது. மானைப் பாராமலேயே அதன் கொம்புக் கிளைகளைக் கணிப்பது எப்படி?

முதற்சான்று குளம்படி. முதிர்ந்த கலையின் குளம்படி அகன்றிருக்கும், நடந்து நடந்து முனை மழுங்கியிருக்கும், குதிகாற்பகுதி தடித்திருக்கும். பிணையின் சுவடு ஒடுங்கி, முனை கூர்மையாக இருக்கும். சுவட்டின் அகலம் நான்கு விரலுக்குக் குறையாமல் இருந்தால் அதனைத் தகுதியுள்ள கலை என்று கொள்ளலாம் என்பது அவர்கள் கணக்கு. விரலால் அளந்ததோடு நில்லாமல், ஒரு குச்சியைச் சுவட்டின் அளவுக்குச் சரியாக நறுக்கி எடுத்து வருவதும் உண்டு. வாய்ச்சொல்லை நம்பாதவர்கள் அக்குச்சியைப் பார்த்து நம்பலாம் அல்லவா?

இரண்டாவது சான்று, உராய்ந்த மரங்கள். செம்மானின் கொம்பு ஆண்டுதோறும் விழுந்து புதிதாக முளைக்கும். முளைக்கும்போது அதன்மேல் மென்மையான தோல் போர்த்தியிருக்கும். கோடையில் கொம்பு முற்றியதும் கலை மரத்தில் உராய்ந்து அத்தோலை உரித்துவிடும். பட்டை உரிந்த மரம் எவ்வளவு பருமன், உராய்ந்த அடையாளம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பவை கலையின் உருவத்தைச் சொல்லும். அது புதருக்குள் நுழைந்தபோது கொம்பு பட்டு வளைந்த கிளைகளின் உயரமும் அகலமும் அவ்வாறே. படுத்தெழுந்த இடத்தில் புல் எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்பது இன்னொரு சான்று.

ஆனால், இவை எல்லாவற்றையும்விட அவர்கள் பெரிதாக மதித்தது புழுக்கையை. ஆம், மானின் புழுக்கையைத்தான்! மாதத்துக்கு மாதம் அதன் தோற்றம் எப்படி மாறும், இளந்தளிர் மேயும் பருவத்தில் எவ்வாறு தட்டையாக இருக்கும், கோடையில் எவ்வாறு திரண்டிருக்கும், கலையினது எது, பிணையினது எது என்று நூலாசிரியர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். வேவுகாரர் அதனைப் பொறுக்கி எடுத்து, தாம் தோளில் மாட்டியிருக்கும் ஊதுகொம்பினுள் இட்டு, சிந்தாமலும் காய்ந்துபோகாமலும் இருக்கப் புல்லால் அடைத்துக்கொண்டு வருவார். வேட்டை தொடங்கும்போது முழங்க வேண்டிய கொம்பு, அதுவரை வாய் அடைபட்டு மௌனமாக இருக்கிறது. யாரும் திட்டமிட்டு அமைத்த குறியீடு அல்ல இது. பை கொண்டு போவதைவிட அது வசதியாக இருந்திருக்கும், அவ்வளவுதான். ஆயினும், படிக்கும்போது நினைவில் நின்றுவிடுகிறது.

மன்னர் முன் வைக்கப்பட்ட சான்று

இதற்கிடையில், காட்டின் ஓரத்தில் பசும்புல் தரையும் நிழலும் ஓடையும் உள்ள ஓர் இடத்தில் பிரபுவும் விருந்தினரும் கூடுவார்கள். துணிகள் விரிக்கப்பட்டு உணவு பரிமாறப்படும். ஒவ்வொரு வேவுகாரராக வந்து, தாம் கண்டதைச் சொல்லி, கொம்பிலிருந்து புழுக்கையை எடுத்து விரித்த துணியின்மேல் வைப்பார். உணவும் அங்கே, புழுக்கையும் அங்கே! அவர்களுக்கு அதில் அருவருப்பு ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை. பிரபுவும் அனுபவமிக்க வேட்டைக்காரர்களும் அவற்றை எடுத்துப் பார்த்து, ஒப்பிட்டு, விவாதித்து, எந்தக் கலையைத் துரத்துவது என்று முடிவு செய்வார்கள்.

இக்காட்சிக்குப் பிற்காலத்து ஓவியச் சான்றும் உண்டு. 1575ஆம் ஆண்டில் இலண்டனில் வெளிவந்த ஒரு வேட்டை நூலில், முதலாம் எலிசபெத் அரசியின் முன் வேட்டைக்காரர் ஒருவர் மண்டியிட்டு, தாம் கொண்டுவந்த புழுக்கையை அளிக்கும் மரச்செதுக்கு ஓவியம் இருக்கிறது. ழாக் து ஃபுயூ என்னும் பிரெஞ்சுக்காரர் 1561இல் வெளியிட்ட நூலைப் பெரிதும் தழுவி எழுதப்பட்டது அது. எழுதியவர் டர்பர்வில் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. ஜார்ஜ் காஸ்காயின் என்பதே இன்று ஏற்கப்படும் கருத்து. 1611இல் அந்நூலை மறுபதிப்புச் செய்தபோது அரசி மறைந்து முதலாம் ஜேம்ஸ் அரியணையில் இருந்தார். பதிப்பாளர் என்ன செய்தார் தெரியுமா? அரசியின் உருவத்தை அகற்றிவிட்டு அவ்விடத்தில் மன்னரின் உருவத்தைச் செருகிவிட்டார்! மண்டியிட்டிருந்த வேட்டைக்காரரை மாற்ற வேண்டிய தேவை ஏற்படவில்லை. அரசர்கள் மாறினார்கள், புழுக்கை கொண்டுவருபவர் அப்படியே இருந்தார்.

கலை தேர்வானதும், எந்தெந்த இடத்தில் மாற்று நாய்களை நிறுத்துவது என்று தீர்மானிப்பார்கள். பிறகு வேவுகாரர் தம் நாயுடன் முன்னே செல்ல, எல்லாரும் ஒடித்த கிளைகளைத் தொடர்ந்து போவார்கள். இப்போதுதான் அந்த மோப்ப நாய் முதன்முறையாகப் புதருக்குள் விடப்படும். மான் எழும், கொம்பு முழங்கும், நாய்க்கூட்டம் அவிழ்க்கப்படும். அதற்குப் பிறகு நடப்பதைத்தான் நம் ஓவியங்கள் காட்டுகின்றன.

ஏழு வயதுச் சிறுவன்

மேலே சொன்ன செய்திகளில் பெரும்பாலானவற்றை நமக்கு விட்டுச்சென்றவர் பைரனீசு மலையடிவாரத்தை ஆண்ட ஃபுவா கோமகன் மூன்றாம் காஸ்தோன். காஸ்தோன் ஃபேபுஸ் என்று தமக்குத் தாமே பட்டம் சூட்டிக்கொண்டவர் (1331–1391). 1387ஆம் ஆண்டு மே முதல் நாள் தம் வேட்டை நூலைத் தொடங்கினார். படைக்கலம், காதல், வேட்டை ஆகிய மூன்றிலும் தாம் வாழ்நாளெல்லாம் இன்பங்கண்டதாகவும், முதலிரண்டில் தம்மைவிடச் சிறந்த ஆசான்கள் உள்ளமையால் மூன்றாவதைப் பற்றியே எழுதப்போவதாகவும் முன்னுரையில் கூறுகிறார்.

ஆசிரியர்களாகிய நமக்கு இந்நூலில் ஆர்வமூட்டும் பகுதி வேறொன்று. நல்ல வேட்டைக்காரரை உருவாக்க, ஏழெட்டு வயதிலேயே சிறுவனைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறார் காஸ்தோன். அவ்வளவு இளம் வயதிலா என்று கேட்போருக்கும் விடை சொல்கிறார். சிறுவன் முதலில் கற்க வேண்டியது வேட்டையை அல்ல. நாய்கள் அனைத்தின் பெயரையும் நிறத்தையும் எழுத்தில் கொடுத்து, பார்த்தவுடன் பெயர் சொல்லும் அளவுக்கு மனத்தில் பதியச்செய்ய வேண்டும். நாய்க்கொட்டிலை நாள்தோறும் துப்புரவு செய்ய வேண்டும். வைக்கோலை மாற்ற வேண்டும். தண்ணீரைப் புதிதாக வைக்க வேண்டும். இரவில் நாய்கள் சண்டையிட்டுக்கொள்ளாமல் இருக்க அங்கேயே ஒரு சிறுவன் படுத்துக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகள் இப்படிக் கழிந்து, ஏறத்தாழ பதினான்கு வயதில் அடுத்த நிலை. இருபது வயதளவில் அதற்கும் அடுத்த நிலை. வாரைப் பிடித்துக்கொண்டு விடியலில் தனியே காட்டுக்குப் போகும் பொறுப்பு எளிதில் கிடைப்பதன்று.

இக்காலப் பெற்றோர் இதனைக் குழந்தை உழைப்பு என்பர், அதில் தவறில்லை. நாய்க்கொட்டிலில் உறங்கிய சிறுவனுக்கு வேறு வாழ்க்கையைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்திருக்காது. ஆயினும், பாடத்தின் வரிசைமுறையை நோக்கினால் வியப்பாக இருக்கிறது. விலங்கோடு பழகிய பின்புதான் தடம் பார்த்தல். அமைதியாக இருக்கப் பழகிய பின்புதான் காடு. இன்னொரு செய்தி. இவ்வளவு பொறுமையாகச் சிறுவனுக்குப் பயிற்சி வகுத்த காஸ்தோன், தம் ஒரே சட்டப்படியான மகனை 1380இல் சிறையில் அடைத்தார். தமக்கு நஞ்சிட முயன்றான் என்ற ஐயத்தால். அச்சிறையில் தந்தையின் கையிலிருந்த சிறுகத்தி பட்டே மகன் இறந்தான் என்று, 1388இல் ஒர்த்தேஸ் நகரில் காஸ்தோனின் அரண்மனையில் தங்கியிருந்த வரலாற்றாசிரியர் ஃபுருவாசார் எழுதிவைத்திருக்கிறார். நூல் எழுதத் தொடங்கியது அதற்கு ஏழாண்டுகளுக்குப் பின். சிறுவனைப் பற்றிய பகுதியைப் படிக்கும்போது இதனை மறக்க முடிவதில்லை.

காஸ்தோனின் நூலை 1406க்கும் 1413க்கும் இடையில் ஆங்கிலத்தில் பெயர்த்து, இங்கிலாந்துக்கு உரிய சில இயல்களையும் சேர்த்தவர் யார்க் கோமகன் எட்வர்ட். நான்காம் ஹென்றியின் வேட்டைத் தலைவராக இருந்தவர் அவர். வேவு பார்த்தல், சுற்றிவருதல், குச்சியால் அளத்தல் ஆகியவை பற்றி ஆங்கிலத்தில் நமக்குக் கிடைக்கும் தெளிவான விளக்கம் அவருடையதே. 1415ஆம் ஆண்டு அஜின்கோர்ட் போரில் அவர் மாண்டார். 1904இல் அவர் நூல் அச்சேறியபோது, அப்போதைய அமெரிக்க அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் அதற்கு முன்னுரை எழுதினார்.

கோமகன்கள் எழுதியவை மட்டுமே நமக்குக் கிடைத்தன என்று எண்ணிவிட வேண்டாம். இரண்டாம் எட்வர்ட் மன்னரிடம் வேட்டைக்காரராகப் பணியாற்றிய வில்லியம் துவிட்டி என்பவர் பதினான்காம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒரு சிறு நூலை எழுதினார். இங்கிலாந்தில் தோன்றிய வேட்டை நூல்களில் மிகப் பழையது அதுவே. அதில் பல பகுதிகள் வினாவும் விடையுமாகச் செல்கின்றன. பிரான்சில் அதே நூற்றாண்டில் ஆன்றி த ஃபெரியேர் எழுதியதாகக் கொள்ளப்படும் நூலும் மாணாக்கர் கேட்க ஆசான் விடையளிக்கும் முறையில் அமைந்தது. வேலைக்களத்தில் கேட்டும் சொல்லியும் வழங்கிவந்த அறிவு, ஏட்டில் ஏறியபோதும் அந்த உரையாடலைக் கைவிடவில்லை.

மற்றவர்மேல் சுமத்தப்பட்ட அமைதி

இதுவரை கண்டது வேவுகாரர் தாமாகக் கடைப்பிடித்த அமைதி. இன்னோர் அமைதியும் இருந்தது. அதனைச் சொல்லாமல் விட்டால் இவ்வரலாறு பாதிதான்.

இங்கிலாந்தில் நார்மானியர் ஆட்சிக்குப் பின் பரந்த நிலப்பகுதிகள் 'அரச காடு' என்று அறிவிக்கப்பட்டன. மரங்கள் அடர்ந்த இடம் மட்டுமன்று. ஊர்களும் வயல்களும்கூட அதற்குள் அடங்கின. அங்கே மான் மன்னருக்கு உரியது. உழவனின் பயிரை மான் மேய்ந்தாலும் அவன் அதற்குத் தீங்கு செய்யக் கூடாது. மான்கள் கன்று ஈனும் பருவத்தில், கோடையின் நடுநாளுக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு வாரங்கள், காட்டில் ஆள்நடமாட்டமும் கால்நடை மேய்ச்சலும் கட்டுப்படுத்தப்பட்டன. எல்லாம் மான் கலையாமல் இருப்பதற்காக.

நாய் வளர்த்தவர்களின் நிலை இன்னும் கொடியது. அரச காட்டுக்குள் வாழ்ந்தவர்களின் பெரிய நாய்கள் மானைத் துரத்தாதிருக்க, அவற்றின் முன்னங்காலில் மூன்று நகங்களை வெட்டி எறிந்தார்கள். 1217ஆம் ஆண்டின் காட்டுச் சாசனம் இவ்வழக்கத்தை ஒழிக்கவில்லை. மூன்றாண்டுக்கு ஒருமுறை சோதனை நடக்க வேண்டும், உள்ளங்கால் மெத்தையை வெட்டக் கூடாது, நகம் வெட்டப்படாத நாயின் உரிமையாளர் மூன்று ஷில்லிங் தண்டம் கட்ட வேண்டும் என்று வரையறை மட்டும் செய்தது. மானைக் கொன்றதற்காக இனி எவரும் உயிரையோ உறுப்பையோ இழக்க வேண்டியதில்லை என்று அதே சாசனம் கூறியதிலிருந்து, அதற்கு முன் என்ன நடந்தது என்பதை நாம் உணர்ந்துகொள்ளலாம்.

ஒருபுறம், நகம் வெட்டப்பட்ட ஊர்நாய். மறுபுறம், மன்னரின் செலவில் வளர்ந்து, வாய் பேசாமல் காட்டுக்குள் செல்லும் மோப்ப நாய். வேவுகாரரும் ஊர்மக்களைப் போன்ற எளிய குடியில் பிறந்தவராகவே பெரும்பாலும் இருந்திருப்பார். மானைப் பற்றி அவர் அறிந்தவற்றுள் பலவற்றை அவ்வூர் உழவர்களும் அறிந்திருப்பார்கள், தம் பயிரில் பதிந்த சுவட்டைப் பார்த்து. ஆனால், ஒருவருடைய அறிவு ஊதியம் பெற்றது. மற்றவருடைய அறிவு குற்றம் ஆயிற்று. நம் வகுப்பறைகளில் 'அரசர் வேட்டையாடினார்' என்று ஒரே வரியில் கடந்துபோகும்போது இவ்விருவருமே காணாமற்போய்விடுகிறார்கள்.

எக்ஸ்மூர் மேட்டுநிலத்தில்

இங்கிலாந்தில் செம்மான் வேட்டை பல இடங்களில் மறைந்த பின்னும் தென்மேற்கில் உள்ள எக்ஸ்மூர் மேட்டுநிலத்தில் நீடித்தது. 1855இல் அங்கே டெவன் – சாமர்செட் வேட்டைக்குழு அமைக்கப்பட்டது. அக்குழுவிலும் வேவுகாரர் ஒருவர் இருந்தார். அங்கே அவரை 'ஹார்பரர்' என்பர். முந்திய நாள் மாலையே மேய்ச்சலிடங்களைத் தொலைவிலிருந்து நோக்குவார். விடியலில் வேலியோரங்களிலும் ஓடைக்கரைகளிலும் குளம்படியைத் தேடுவார். பிறகு குழு கூடும் இடத்துக்குச் சென்று தலைவரிடம் தம் செய்தியைச் சொல்வார். 1862இல் டல்வர்ட்டன் ஊர் மருத்துவர் சார்ல்ஸ் பால்க் காலின்ஸும், 1884இல் இயற்கை எழுத்தாளர் ரிச்சர்ட் ஜெஃப்ரிஸும் எக்ஸ்மூர் செம்மான்களைப் பற்றித் தனிநூல்களே எழுதினர். ஊதுகொம்பில் புழுக்கை கொண்டுவருவது மறைந்திருந்தது. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் எட்வர்ட் விவரித்த வேலையின் சாரம் மறையவில்லை.

அதனை முடிவுக்குக் கொண்டுவந்தவற்றுள் அறிவியலுக்கும் பங்குண்டு. இங்கிலாந்தின் தேசிய அறக்கட்டளை கேட்டுக்கொண்டதற்கிணங்க, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் விலங்கு நடத்தை அறிஞர் பேட்ரிக் பேட்சன் துரத்தப்பட்ட செம்மான்களின் குருதியையும் தசையையும் ஆராய்ந்து 1997இல் அறிக்கை அளித்தார். நெடுந்தொலைவு துரத்தப்பட்ட மானின் தசையில் ஆற்றல் சேமிப்பு வற்றிப்போயிருந்தது. மன அழுத்தத்தைக் காட்டும் சுரப்பு மிக உயர்ந்திருந்தது. உடனே அறக்கட்டளை தன் நிலங்களில் நாய்களைக் கொண்டு மானைத் துரத்துவதைத் தடை செய்தது. வேட்டை ஆதரவாளர்கள் ஆய்வைக் கடுமையாக எதிர்த்தனர். மறு ஆய்வுகளும் நடந்தன. ஆயினும், நாடாளுமன்றம் 2004இல் நிறைவேற்றிய வேட்டைச் சட்டம் 2005 பிப்ரவரி 18ஆம் நாள் இங்கிலாந்திலும் வேல்சிலும் நடைமுறைக்கு வந்தது. நாய்க்கூட்டத்தால் மானைத் துரத்துவது அதன்பின் குற்றமாயிற்று. விதிவிலக்குகளின்கீழ், அதிகம்போனால் இரண்டு நாய்களைக் கொண்டு மானை வெளிப்படுத்திச் சுடுவதற்கு மட்டும் இடமுண்டு. பிரான்சிலோ பழைய முறை வேட்டை இன்னும் சட்டப்படி நடக்கிறது. வேட்டை நாளின் காலையில் வாரில் கட்டிய நாயுடன் காட்டைச் சுற்றிவந்து செய்தி சொல்லும் வழக்கமும் அங்கே தொடர்கிறது.

எனக்கு அந்த வேட்டையில் மனம் ஒன்றவில்லை. முதிர்ந்த ஓர் உயிர் மணிக்கணக்கில் துரத்தப்பட்டு மூச்சிரைத்து நிற்பதைப் பொழுதுபோக்கு என்று ஏற்க இயலவில்லை. அதே வேளையில், அந்த மானைப் பற்றி மிக நுணுக்கமாக எழுதிவைத்தவர்கள் அதனைக் கொன்றவர்கள்தாம் என்பதையும் மறுக்க முடியவில்லை. இன்று பல நாடுகளின் காட்டுயிர்த் துறையினர் மான்களின் தொகையை மதிப்பிடுவதற்கு, அளந்து குறித்த நிலப்பரப்பில் புழுக்கைக் குவியல்களை எண்ணுகிறார்கள். மானைக் காணாமல், கலைக்காமல், விட்டுச்சென்றதைக் கொண்டே கணக்கிடும் முறைதான் அதுவும்.

காஸ்தோன் நூலின் கையெழுத்துப் படிகளுள் மிக அழகானது பாரிசில் பிரான்சு தேசிய நூலகத்தில் உள்ளது. பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான அப்படியில் 87 வண்ண ஓவியங்கள் இருக்கின்றன. அந்நூலகத்தின் இணையத்தளமான காலிக்காவில் அவற்றைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். பிரெஞ்சுப் பிரிவில் 616 என்னும் எண்ணைக் கொண்டு தேட வேண்டும். படிநிலை இரண்டு மாணவர்களுக்குத் திரையில் காட்டத்தக்கவை பல உள்ளன. சிறுவர்கள் நாய்களுக்குப் பணிவிடை செய்யும் ஓவியத்தையும், புல்தரையில் அமர்ந்து புழுக்கையை ஆராயும் பிரபுக்களின் ஓவியத்தையும் முதலில் காட்டுங்கள். பிறகு, வாரைப் பிடித்தபடி மோப்ப நாயின் பின்னே நடக்கும் மனிதரின் ஓவியத்துக்கு வாருங்கள். மான் எங்கே என்று உடனே சொல்லிவிடாமல், மாணவர்களே தேடட்டும்.